ஏன் துவக்கை மாற்றினாய் என்று கேட்டால்

வணக்கம் நேயர்களே. போன மாதம் நிலையத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, நீங்கள் ஸ்கொட்லாந்து மலையில் மான் வேட்டைக்குப் போகிறவராமே, அதைப் பற்றி வந்து கொஞ்சம் கதைப்பீர்களோ" என்று கேட்டார். சரி என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் இருபது வருட விஷயத்தை இருபது நிமிடத்துக்குள் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று யோசனை வந்தது. மனைவிதான் வழி காட்டினாள். "ஒவ்வொரு துவக்கும் வாங்கும்போது இதுதான் கடைசி என்று எனக்குச் சொன்னீர்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கோ." ஆகவே இன்றைக்கு அந்தக் கதைதான். நாலு துவக்கு, நாலு தரம் "இதுதான் கடைசி".

அதற்கு முதல் ஒன்று. துவக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே நம் ஆட்கள் பலருக்கு வயிற்றைப் பிசையும். எனக்கும் அப்படித்தான், இந்த நாட்டுக்கு வந்து முதல் பத்து வருடம் துவக்கு இருக்கிற அறைக்குள்கூட நான் போனதில்லை. ஆனால் அதற்கெல்லாம் முந்திய ஒரு காலமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வன்னியில் என் பெரியப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது, வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, தும்பை வைத்து இடித்து, ஈயக் குண்டைப் போட்டு அடைக்கிற சாமான். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு ஆயத்தமாக ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும். அதனால் பெரியப்பா மரை மானுக்குக் கிட்டப் போவார், இன்னும் கிட்டப் போவார், அது மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற தூரத்துக்குப் போனால்தான் விசையில் விரலை வைப்பார். இப்போது அங்கே அது சட்டப்படி குற்றம், குற்றமாக இருக்கவும் வேண்டும், மிஞ்சியிருக்கிற மிருகம் அவ்வளவுதான்.

இங்கே கதை நேர் எதிர். ஸ்கொட்லாந்தில் கடைசி ஓநாய் இல்லாமல் போய் முந்நூறு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது, லிங்ஸ் பூனை அதற்கும் முந்தியே போய்விட்டது. மானைத் தின்ன மனிதனைத் தவிர வேறு ஆளில்லை. 1990 இல் ஐந்து லட்சம் அளவில் இருந்த மான்கள் இன்று பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று ஸ்கொட்லாந்து அரசாங்கமே சொல்கிறது. நட்ட பைன் கன்று, ரோவன் கன்று ஒன்றையும் தலை தூக்க விடாது, மொட்டையடித்த மாதிரி மேய்ந்துவிடும். புல்லில்லாத மாசி, பங்குனியில் பட்டினியால் செத்து ஓடைக்குள் கிடக்கிற மானைப் பார்த்தவர்களுக்கு, கணக்குப் பார்த்துச் சுடுவது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

நான் தொழிலால் சமையல்காரன். இன்வெர்னஸ் பக்கம் ஒரு ஹொட்டல் குசினியில் வேலை. இலையுதிர் காலத்தில் பின்கதவால் மான் வரும், குடல் எடுத்த முழு உடல், தோலோடு. அதை உரித்து வெட்டுகிறது என் வேலை. சில உடலில் விலாவில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். சிலதில் முன்தோள் இரண்டும் கறுத்துப்போய், இரத்தம் கட்டி, கத்தரிக்காயைச் சுட்டு உரித்த மாதிரிக் கொழகொழவென்று இருக்கும். ஒரு நாள் கோபத்தில், கொண்டுவந்து போட்ட கிழவரிடம், இந்தத் தோளை நான் என்ன செய்கிறது, கிலோவுக்குக் காசு கொடுத்தல்லவா வாங்குகிறோம் என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த எஸ்டேட்டில் முப்பது வருடமாக ஸ்டோக்கர். ஸ்டோக்கர் என்றால் மானின் பின்னால் மோப்பம் காட்டாமல் ஊர்ந்து போய் வெடி வைக்கிற ஆள், விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ச் சுடவைக்கிற ஆளும் அவர்தான். அவர் கோபிக்கவில்லை. திங்கட்கிழமை வா, காட்டுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேட்டை இல்லை. சட்டம் ஒன்றுமில்லை, ஹைலண்ட் வழக்கம் அது, நம் ஊரில் வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத மாதிரி.

அப்படிப் போய்ப் போய், ஒரு வருடம் வெறுமனே அவருக்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்த பிறகு, 2004 இல் சான்றிதழுக்கு எழுதிப் போட்டேன். பிரித்தானியாவில் துவக்கு வாங்குகிறது கடையில் போய்க் காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டு வருகிற விஷயமில்லை. 1968 ஆம் ஆண்டுச் சட்டம். எந்த வாய் அளவு, எதற்காக, எங்கே சுடப் போகிறாய், எத்தனை ரவை வைத்திருப்பாய் எல்லாம் சான்றிதழில் வரி வரியாக எழுதி வரும், ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். பொலிஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, இரும்புப் பெட்டி சுவரோடு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். தேநீர் கொடுத்தேன். எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்டார், சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உனக்கு இது தேவைதானா என்று கேட்டார், அதிகாரி கேட்கிற மாதிரியில்லை, மனிதன் கேட்கிற மாதிரி. மானுக்கு மட்டும் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

சரி, முதல் துவக்கு. .243, அது அங்குலக் கணக்கில் சன்னத்தின் பருமன், சன்னம் என்றால் தோட்டாவிலிருந்து பறந்து போகிற குண்டு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் "டூ-ஃபோர்ட்டி-த்ரீ" என்பார்கள். 1955 இல் வந்தது, .308 தோட்டாவின் கழுத்தை நெரித்து ஒடுக்கி அதற்குள் மெல்லிய சன்னத்தை இறுக்கிச் செய்தது. ஏன் அது என்றால், ஸ்கொட்லாந்தில் அந்தக் காலத்துச் சட்டம் பெரிய செம்மானுக்குக் குறைந்தது 100 கிரெய்ன் எடையுள்ள சன்னம், விநாடிக்கு 2450 அடி வேகம், 1750 அடி-இறாத்தல் சக்தி வேண்டும் என்று சொன்னது. சின்ன ரோ மானுக்கு 50 கிரெய்னும் 1000 அடி-இறாத்தலும் போதும், வேகம் அதே 2450. இந்த இரண்டுக்கும் ஒரே துவக்கு போதும், தோளில் உதையும் இல்லை, தொடங்குகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். 100 கிரெய்ன் என்றால் ஆறரை கிராம், ஒரு பவுனுக்கும் குறைவு. அந்த அரைக்காசு எடைதான் குடல் எடுத்தாலும் 40 கிலோ வரும் ஒரு பிணையை, அதாவது பெண் மானை, நின்ற இடத்தில் விழுத்துகிறது. முதல் தரம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

கையில் கொஞ்சக் காசுதான் இருந்தது, அதனால் பழைய துவக்கு. வால்நட் மரக்கட்டை, நெய்யூற்றித் தேய்த்த மாதிரி வடிவான நிறம். அதைப் பார்த்துத்தான் விழுந்தேன், உண்மையைச் சொல்கிறேன். மேலே ஆறு மடங்கு பெரிதாக்குகிற ஒரு ஸ்கோப், 100 மீற்றரில் சன்னம் ஒரு அங்குலம் மேலே படுகிற மாதிரி வைத்துக்கொண்டால் 200 வரைக்கும் பெரிதாக ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை. நான் இளந்தாரிக் குணத்தில், வயது நாற்பது தாண்டியும் இளந்தாரிக் குணத்தில், 250 மீற்றரிலும் வெடி வைத்தேன். விழுந்தது. விழ விழ எனக்குத் தலைக்கனம்.

2008 தை மாதம், பிணை சுடுகிற பருவத்தின் கடைசி. இரண்டு நாள் ஒரே மழை, மழையென்றால் மேலேயிருந்து விழுகிற மழையில்லை, பக்கவாட்டில் வந்து காதுக்குள் போகிற மழை. மூன்றாம் நாள் வெளித்தது. ஒரு ஓடைக்குள் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நடந்து, கடைசி அறுபது மீற்றர் கறுத்த பீற் சேற்றில் வயிற்றால் போய், ஒரு மேட்டில் துவக்கை வைத்தேன். கிழட்டுப் பிணை ஒன்று தனியாக, பக்கவாட்டில், 150 மீற்றர். இதைவிட வசதியான வெடி கிடையாது. வைத்தேன். சன்னம் சரியான இடத்தில் பட்டால் ஈரச் சாக்கில் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம் திரும்பி வரும். அன்றைக்கு வந்த சத்தம் வேறு, தண்ணீர்க் குடத்தில் தட்டின மாதிரி ஒரு மொத்தென்ற சத்தம். பிணை முதுகை வளைத்துக்கொண்டு நடந்து போனது. வயிற்றில் பட்டிருக்கிறது.

கிழவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருபது நிமிடம் என்னை அந்த மேட்டிலேயே படுக்க வைத்தார், உடனே துரத்தினால் அது மலை தாண்டிப் போய்விடும். பிறகு நாயை விட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது, ஹெதர் புதருக்குள் படுத்திருந்தது, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அந்த இரண்டாவது வெடியை நான்தான் வைக்க வேண்டும் என்று சொல்லித் துவக்கை என் கையில் தந்தார். அவ்வளவுதான் சொல்வேன் அதைப் பற்றி.

பின்னேரம் குவாரியில் கடதாசி அடித்துச் சுட்டுப் பார்த்தால், சன்னம் நாலு அங்குலத்துக்கு மேல் விலகிப் படுகிறது. மழையில் மரக்கட்டை ஊறிப் பெருத்து, குழலை ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு கடதாசித் தாள் இழுபட வேண்டும், இழுத்துப் பார்த்தால் பாதியில் நிற்கிறது. காலையில் மலைக்குப் போக முதல் ஒரே ஒரு வெடி கடதாசிக்கு வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, ஏனென்றால் என் துவக்கு பிழைக்காது என்று எனக்கு எண்ணம்.

இப்போது கேளுங்கள், அந்த இடத்தில் நான் படித்த பாடம் முழுப் பிழையான பாடம். பெரிய துவக்கு வைத்திருந்தால் வயிற்றில் பட்டாலும் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே பட்டால் என்ன, சக்தி கூடினால் சரி என்று. .243 ஐ விற்றுவிட்டு .270 வாங்கினேன். 1925 இலிருந்து இருக்கிற தோட்டா, நல்ல தோட்டா, ஹைலண்டில் பெயர் பெற்றது, 130 கிரெய்ன் சன்னம் விநாடிக்கு 3000 அடிக்கு மேல் பறக்கும். அந்தத் தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்கத் தோட்டாவுக்குப் பின்னால் கண்ணை வைத்திருந்த ஆளில்தான். என் துவக்கு எடை குறைவு, மலைக்குத் தூக்கப் பாரமில்லாமல் இருக்கட்டும் என்று தேடிப் பிடித்தது, எடை குறைந்த துவக்கு கழுதை மாதிரி உதைக்கும். சத்தமோ சொல்லத் தேவையில்லை, பின்னேரம் குசினியில் மீன் பொரிகிற சத்தம் எனக்குக் கேட்காது, காதுக்குள் ஒரு வண்டு.

ஒரு வருடம் அப்படிப் போனது. மான் விழுந்தது, ஆனால் நான் குறி வைத்த இடத்திலிருந்து எப்போதும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் முன்னுக்கு. தோளில். நானே கொண்டுவந்து போட்ட உடலை நானே குசினியில் உரித்து, இரண்டு தோளையும் வெட்டி வாளியில் எறிந்துகொண்டு நிற்கிறேன். ஒரு ரோ மான் குடல் எடுத்தால் மொத்தம் 15 கிலோதான் வரும், அதில் இரண்டு தோள் போனால் மிச்சம் என்ன இருக்கிறது. கிழவரை ஒரு காலத்தில் ஏசினவன் நான்தானே.

அவர் ஒரு நாள் குவாரிக்குக் கூட்டிப்போனார். துவக்கை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரே தோட்டாவை ஏற்றி, தந்தார். சுட்டேன். திரும்ப வாங்கினார், ஏற்றினார், தந்தார். மூன்றாம் தரம் விசையை இழுத்தேன், டிக் என்றது. வெடி இல்லை. மருந்தில்லாத வெறும் தோட்டா. ஆனால் துவக்கு வாய் கோழி கொத்தின மாதிரி ஒரு முழம் கீழே போனது, கண் இரண்டும் மூடியிருந்தது, தோள் முன்னுக்கு ஓடியிருந்தது. வெடிக்க முதலே வெடிக்குப் பயந்து உடம்பு ஒடுங்குகிறது. எனக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முதலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. யாருக்காவது குறி தவறிக்கொண்டே இருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு சதம் செலவில்லை.

மூன்றாவதுதான் என் செல்லம். 6.5×55, இது மில்லிமீற்றர் கணக்கு, ஸ்வீடனும் நோர்வேயும் 1890களில் தங்கள் படைகளுக்காகச் சேர்ந்து உண்டாக்கினது. நூறு வருடத்துக்கு மேல் பழைய தோட்டா, மருந்து குறைவு, வேகமும் குறைவு, 140 கிரெய்ன் சன்னம் 2600, 2650 அடியில்தான் போகும். காகிதத்தில் .270 க்குப் பக்கத்தில் வைத்தால் கிழட்டு மாடு மாதிரித் தெரியும். ஆனால் சன்னம் மெல்லிசாக, நீளமாக இருப்பதால் பட்ட பிறகு நேராக ஊடுருவிப் போகும், ஸ்கண்டிநேவியாவில் எருமை அளவு எல்க் மானையே அதால் விழுத்துகிறார்கள். வேகம் குறைந்த சன்னம் இறைச்சியை நாசமாக்குகிறதும் குறைவு. நான் 2011 இல் வாங்கியது பின்லாந்தில் செய்த டிக்கா டி3, துருப்பிடிக்காத உருக்கு, கறுத்த பிளாஸ்டிக் கட்டை. வடிவென்று சொல்ல ஒன்றுமில்லை, பார்த்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி. அந்த வால்நட் மரத்தை நினைத்து இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு ஒரு மழைக் கிழமை முழுக்க அதோடு கிடந்து, வந்து கடதாசிக்கு வைத்துப் பார்த்தால் போன கிழமை பட்ட அதே ஓட்டைக்குப் பக்கத்தில் பட்டது. கவலை போய்விட்டது.

அதோடு வாயில் ஒரு மொடரேற்றரும் பூட்டினேன். படங்களில் சைலன்சர் என்று காட்டுவார்களே, புஸ் என்று ஒரு சத்தம் வருமே, அதெல்லாம் பொய். ஒலியைவிட வேகமாகப் போகிற சன்னம் காற்றைக் கிழிக்கிற சத்தத்தை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது, சவுக்குச் சொடுக்கின மாதிரி அது கேட்டே தீரும். மொடரேற்றர் அடக்குவது வாயில் வெடிக்கிற வாயுவின் சத்தத்தை. அதனால் காது தப்புகிறது, உதை குறைகிறது, பக்கத்து மான்களுக்குச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் அப்படியே நிற்கும். அதற்கும் சான்றிதழில் தனியாக ஒரு வரி எழுதி வாங்க வேண்டியிருந்தது. உதை குறைந்ததும் என் கண் திறந்தபடி இருக்கத் தொடங்கியது. வெடி வைத்த கணத்தில் ஸ்கோப்புக்குள் மானை நான் பார்த்தேன், உரோமம் சிலிர்க்கிறது, முன்கால் மடிகிறது. ஆறு வருடம் சுட்டும் அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்றால் பாருங்கள்.

அந்தத் துவக்கோடு பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. நல்ல துவக்குக்கு அடையாளம் அதுதான் போல.

இடையில் இன்னொரு பிரச்சினை வந்தது, ஈயம். சாதாரண சன்னம் என்றால் உள்ளே ஈயம், வெளியே செம்புத் தோல். பட்டதும் விரிய வேண்டும் என்பது சட்டம், விரியும்போது ஈயம் பொடிப்பொடியாய்ச் சிதறி இறைச்சிக்குள் போகும். எக்ஸ்ரே படத்தில் ஓட்டையைச் சுற்றி வெள்ளைத் தூள் தூவின மாதிரித் தெரியும், கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் ஈயத்தால் சுட்ட வேட்டை இறைச்சியை அடிக்கடி சாப்பிட வேண்டாம் என்று இங்கே உணவுத் தர முகமையே சொல்லியிருக்கிறது. நான் அந்த இறைச்சியை எத்தனை மேசைக்கு அனுப்பியிருப்பேன். என் மகள் கர்ப்பமாக இருந்த வருடம், வீட்டுக்கு என்று எடுத்து வைத்த தொடையை உறைபெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த கிழமை முழுச் செம்புச் சன்னத்துக்கு மாறினேன். சட்டம் பின்னால்தான் வந்தது, 2025 இல்தான் பிரித்தானிய அரசு ஈய ரவைகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது.

செம்பில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அது ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம், ஆகவே அதே 100 கிரெய்ன் வேண்டுமென்றால் சன்னம் நீளமாகிவிடும். நீண்ட சன்னம் தள்ளாடாமல் பறக்க வேண்டுமென்றால் கூடுதல் வேகமாகச் சுழல வேண்டும், பம்பரம் மாதிரித்தான், சுழற்சி குறைந்தால் தலையாட்டத் தொடங்கும். சுழற்றுகிறது குழலுக்குள் வெட்டியிருக்கிற திருகுபுரி. .243 குழல்களில் பெரும்பாலும் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 100 கிரெய்ன் செம்புக்குப் போதாது. ஆக .243 வைத்திருந்தவர்கள் மாட்டுப்பட்டார்கள், சட்டம் 100 கிரெய்ன் கேட்கிறது, குழலோ 80க்கு மேல் செம்பை ஒழுங்காகப் போட மாட்டேன் என்கிறது. 2023 இல் ஸ்கொட்லாந்தில் சட்டத்தை 80 கிரெய்ன் என்று இறக்கின பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. என் 6.5 இல் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீண்ட சன்னத்துக்காகவே பிறந்த குழல், 120 கிரெய்ன் செம்பை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. நான் கெட்டித்தனமாக வாங்கவில்லை, தற்செயலாக வாய்த்தது. செம்பு ஈயத்தைவிட விலை கூட. விரிவதற்கு வேகமும் வேண்டும், தூரத்தில் வேகம் செத்த பிறகு பட்டால் விரியாமல் பென்சில் மாதிரி ஊடுருவிக்கொண்டு போய்விடும். அதனால் 200 மீற்றருக்கு அப்பால் நான் வைப்பதை நிறுத்தினேன்.

நாலாவது .308. உண்மையில் இதைத்தான் எல்லோரும் முதலே வாங்கச் சொன்னார்கள், எந்தக் கடையிலும் ரவை கிடைக்கும், எல்லா மானுக்கும் போதும். நான்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். 1952 இல் வந்த இந்தத் தோட்டாவின் உடன்பிறப்பு இராணுவங்கள் பாவிக்கிற 7.62. அந்த எண் நம் ஆட்கள் சிலருக்கு என்ன என்று நான் இங்கே சொல்லத் தேவையில்லை. கடையில் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன், இரண்டு தரம்.

2022 இல் முழங்கால் போனது. வைத்தியர் மலையேற வேண்டாம் என்றார், நான் பாதி கேட்டேன், மலையை விட்டுக் காட்டுக்கு இறங்கினேன். சிற்கா ஸ்புரூஸ் தோட்டங்களுக்குள் ரோ மான். அங்கே ஊர்கிற வேலை இல்லை, மரத்தில் சாய்த்துக் கட்டின ஏணியில் ஏறி இருக்கிற வேலை, இங்கே ஹை சீட் என்பார்கள், வேறொன்றுமில்லை, நம் பரண்தான். மேலேயிருந்து கீழே சுடுவதால் சன்னம் ஊடுருவினாலும் மண்ணுக்குள் போகும், பாதுகாப்பு. ஆனால் டிக்காவின் நீளக் குழலும் அதற்கு மேலே மொடரேற்றருமாகச் சேர்ந்தால் பரணில் திருப்ப முடியாது, கொப்பில் இடிபடும், மான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகும். குழலை வெட்டலாம், ஆனால் 6.5 இன் குழலை வெட்டினால் வேகம் குறையும், செம்புக்கு வேகம்தான் உயிர். .308 கட்டைக் குழலிலும் பெரிதாக வேகத்தை இழக்காது. பதினெட்டு அங்குலக் குழல், மொடரேற்றரோடு சேர்த்தாலும் டிக்காவின் வெறும் குழலைவிடக் கொஞ்சம்தான் நீளம். காரணம் எல்லாம் சரியாகப் பொருந்தியது, மூன்றாம் தரம் பெட்டியைக் கையில் எடுத்துக் காசாளரிடம் போனேன். பெட்டியில் இருந்தது மானுக்கான ரவை. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

2023 இல் இன்னும் இரண்டு மாற்றம் வந்தது. ஆண் மானுக்கு இருந்த தடைக்காலத்தை ஸ்கொட்லாந்தில் எடுத்துவிட்டார்கள், அனுமதி பெற்றவர்கள் இரவில் வெப்பத்தைப் பார்க்கிற ஸ்கோப்பைத் துவக்கிலேயே பூட்டிச் சுடலாம் என்றும் ஆக்கினார்கள். மான் தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் அது தேவை என்று வனத்துறை ஆட்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணில் வைத்துப் பார்க்கிற ஒரு வெப்பநோக்கி என்னிடமும் இருக்கிறது, விடிய முதல் பற்றைக்குள் என்ன நிற்கிறது, கன்றோடு நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் சுடுகிறது வெளிச்சம் வந்த பிறகு, கண்ணாடியால் பார்த்துத்தான். இது கொள்கை ஒன்றுமில்லை, வயது போன ஆளின் பிடிவாதம்.

போன செவ்வாய்க்கிழமை பரணில் இருந்தேன். விடிந்து கால் மணித்தியாலம் இருக்கும், ஒரு ரோ கலை, அதுதான் ஆண் மான், நொண்டிக்கொண்டு, பிரேக்கன் பற்றைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. பிறகு நடந்து அளந்து பார்த்தால் அறுபத்திரண்டு காலடி. என்னிடம் இருக்கிற துவக்கு முந்நூறு மீற்றருக்கும் போகும், முதல் துவக்கோடு 250 மீற்றரில் தலைக்கனத்தோடு சுட்டவன் இப்போது அறுபது அடியெடுக்கிற தூரத்தில் காத்திருக்கிறேன். கலை மூச்சு விட்டது, குளிரில் ஆவி தெரிந்தது. பெரியப்பாவுக்கு இந்த ஸ்கோப்பும் மொடரேற்றரும் என்னத்துக்கென்றே விளங்கியிருக்காது. வைத்தேன், விலாவில் ஒரு சின்ன ஓட்டை, தோள் இரண்டும் அப்படியே கிடைத்தது. புதன்கிழமை தோளை எலும்போடு வெட்டி, மிளகும் உள்ளியும் கூடப் போட்டு, பால் விடாமல் இறைச்சிக் கறி. மான் இறைச்சியில் கொழுப்பு இல்லை, அடிப்பிடிக்கும், மெல்லிய நெருப்பில் இரண்டரை மணித்தியாலம் விட வேண்டும், யாரும் அவசரப்பட வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கையைக் காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் மனைவி வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். போன கிழமை ரவை வாங்கக் கடைக்குப் போனபோது புதிதாக வந்திருந்த ஒரு துவக்கைக் கையில் தந்து பார்க்கச் சொன்னார்கள். மூன்று கிலோவுக்கும் குறைவு, வால்நட் மரக்கட்டை, நெய்யூற்றித் தேய்த்த நிறம். இல்லையம்மா, வாங்கவில்லை. விலை மட்டும்தான் கேட்டேன். வணக்கம்.